வெளிச்சம் படாத வெள்ளி

நவம்பர் கடைசியில் போன சூரியன்
இன்று பதினொன்றே முக்காலுக்கு வரும் என்று
துறைமுகப் பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்,
கப்பல் நேரத்தைப் போல.
பள்ளிக்கூடத்தில் மஞ்சள் அட்டைக் கிரீடங்கள் தயார்.
ரொட்டிக் கடையில், உள்ளே பழக்கூழ் வைத்த
சூரிய உருண்டைகள் காலையிலேயே பாதி காலி.

நான் சிவப்பு விளக்கடியில் இருந்தேன்.
என் வேலைக்கு இருட்டு வேண்டும்.
நார்வேயின் இந்த வடகோடியில்
இரண்டு மாதமாய் அதை வானமே இலவசமாகத் தந்தது.

சிலிக்கா: மாவைவிட நுண்மை,
தும்மினால் அரைநாள் உழைப்பு காற்றோடு போகும்.
வெள்ளி நைட்ரேட் கரைசலில் அதைக் குழைத்து
நூற்றுப்பத்து டிகிரியில் ஓரிரவு உலர்த்தி,
ஹெக்சேனில் கூழாக்கி,
கண்ணாடிக் குழாயில் ஊற்றி,
ரப்பர் துண்டால் தட்டித் தட்டிக்
குமிழிகளை வெளியேற்றி,
குழாயைச் சுற்றி அலுமினியத் தாள்.
(தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.
பிறகு பார்க்கலாம் என்று விட்டேன்.)

வெறும் சிலிக்காவுக்கு இந்த எண்ணெயில்
யாரையும் அடையாளம் தெரியாது.
எல்லாம் அதே நீள வால், அதே வழுக்கல்.
வெள்ளிக்குத்தான் தெரியும்
எவன் முதுகில் எத்தனை வளைவு என்று.
இரட்டைப் பிணைப்பு ஒன்றைக் கண்டால் பிடிக்கும்,
பட்டும் படாமலும்.
இறுகப் பிடித்தால் யாரும் வெளியே வரமாட்டார்கள்.
பிடிக்காவிட்டால் எல்லாரும் ஒன்றாக வந்துவிடுவார்கள்.
பிரித்துக் காட்டுவது
அந்த அரைமனதுப் பிடிதான்.

ஓட்வார் திங்கட்கிழமை வந்தான்,
பழக்கூழ் புட்டியில் காட் மீன் ஈரல் எண்ணெயோடு.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
"கடுகினத்து எண்ணெய் கலந்திருக்கிறதாம்.
பத்துப் பீப்பாயையும் திருப்பி அனுப்பிவிட்டான் வாங்கியவன்.
நீ பார்த்துச் சொல், சுன்னிவா.
இதில் என் படகு இருக்கிறது."

காய்ச்சி, எஸ்டராக்கி, சொட்டுச் சொட்டாய் ஏற்றினேன்.
முதலில் இறங்கியவை வளைவே இல்லாதவை:
நெஞ்சு நிமிர்த்தி, யாரிடமும் நிற்காமல்.
அசிட்டோன் ஒரு துளி கூட்டினேன்.
ஒற்றை வளைவுகள் வந்தன, நிறைய.
இன்னும் கொஞ்சம்.
இரட்டை வளைவுகள்.
குப்பியை உலர்த்தித் தராசில் வைத்தேன்.
எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.
காட் மீன் ஈரலில் இவர்களுக்கு இத்தனை கூட்டம் கிடையாது.
வயலில் இருந்து வந்தவர்கள்.

குளிர்காலத்துக்கென்று கடனில் வாங்கிய வலை,
கலவை அறையில் வேலை பார்க்கும் அவன் மைத்துனன் யான்-எரிக்,
இதெல்லாம் தராசுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

கடலின் ஆட்கள் இன்னும் உள்ளேதான்.
ஐந்து வளைவு, ஆறு வளைவு,
வெள்ளியின் கை விட மனமில்லாதவர்கள்.
அவர்களுக்காகக் காத்திருக்கையில்
வெளியே கூச்சல் எழுந்தது.
யாரோ ஜன்னல் திரையை இழுத்துத் திறந்தார்கள்.
யுன்னிதான், மாடியிலிருந்து ஓடி வந்தவள்,
"வந்தாச்சு, வந்தாச்சு!"

மலை விளிம்பில் ஒரு நகக்கீற்று.
அறுபது நாளுக்குப் பிறகு சுவரில் ஒரு நிழல்;
அது என்னுடையது என்று புரிய நேரமாயிற்று.
நானும் சிரித்தேன்.
நானும் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது
தாள் கிழிந்த இடத்தில், விரல் அகலத்துக்கு,
பால் குறைந்த காப்பியின் நிறம்.
அங்கிருந்த வெள்ளிக்கு இனி யாரையும் பிடிக்கத் தெரியாது.

வாசலில் ஓட்வார், இரண்டு உருண்டைகளோடு.
ஒன்றை நீட்டினான். வாங்கினேன்.
இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாதிருந்த கறை
வெயில் பட்டு என் விரல்களில் கறுத்துக்கொண்டிருந்தது.
"என்ன ஆயிற்று?" என்றான், விரல்களைப் பார்த்து.
"குழாய் கெட்டுவிட்டது" என்றேன்.
"நாளை மறுபடி."
அது உண்மை.
இரண்டாம் குப்பி மேசையில் இருந்தது,
அதுவும்.

உருண்டையைக் கடித்தேன்.
நாளைக்கு எடைபோட வேண்டிய சிலிக்காவை
மனதுக்குள் கணக்கிட்டேன்: நாற்பது கிராம்.